தட்டு காலியானால் போதுமா? பூனைக்குட்டியின் பசியைத் தராசு சொல்லும்!

தேனி-

கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லுக்குப் பஞ்சம் இல்லை. அதனால் எலிக்கும் பஞ்சம் இல்லை!

1895-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர் ஊராகப் பாய்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் 14 ஆயிரத்து 707 ஏக்கர் இருபோக நிலம் இருக்கிறது.

நெல் வயலில் இருந்து களத்துக்கு வரும். களத்தில் இருந்து மில்லுக்கும், மில்லில் இருந்து கடைக்கும் வரும். பின்னாலேயே எலியும் வரும்.

எனவே அரிசிக் கடை, மளிகைக் கடை, குடோன் என்று பல இடங்களில் ஒரு பூனை உண்டு. பழைய பூனை போய்விட்டால், தெரிந்தவர் வீட்டில் இருந்து ஒரு குட்டி வரும். அட்டைப் பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, பஸ்சில் மடியில் வைத்துக் கொண்டு வருவார்கள்.

குட்டி வந்த அன்றைக்கே கடையில் ஒரு சட்டம் போடப்படும்.

"சோறு நெறய வச்சிராதீங்கப்பா. வயிறு நெறஞ்சா எலி புடிக்காது!"

பல குட்டிகளின் உயிருக்கு உலை வைப்பது இந்தப் பேச்சுதான்.

பசிக்காக மட்டும் அல்ல

பூனை வேட்டையாடுவது பசியால் மட்டும் அல்ல. அது பூனையின் பிறவிக் குணம்.

இதுபற்றி 1976-ம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. பசியோடு இருந்த பூனைகளுக்குத் தீனி வைத்தார்கள். அவை தின்று கொண்டிருக்கும்போது எதிரே ஓர் எலியை விட்டார்கள். பூனைகள் தீனியைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் எலியைக் கொன்றன. பிறகு மறுபடியும் தீனிக்கே வந்தன!

ஆக, வயிறு நிறைந்த பூனையும் எலி பிடிக்கும். பட்டினி கிடக்கும் குட்டியோ எலி பிடிக்கும் வயதை எட்டாமலே போய்விடும்.

2 மாதக் குட்டியின் எடை முக்கால் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. குடோனில் திரியும் பெருச்சாளியின் எடையும் ஏறத்தாழ அதுதான். இந்தச் சண்டையில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியது இல்லை.

பெரிய பூனை ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் பிராணி. ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரி சத்துதான் இருக்கிறது. ஒரு பூனை எலியை மட்டும் நம்பி வாழ்வது என்றால் தினம் 8 சுண்டெலியாவது பிடிக்க வேண்டும். நேற்று வந்த குட்டிக்கு இது நடக்கிற காரியமா?

தட்டு பொய் சொல்லும்

சரி, குட்டிக்குத் தீனி வைத்தாகி விட்டது. அது போதுமான அளவு தின்கிறதா என்று எப்படித் தெரிந்து கொள்வது?

பெரும்பாலானவர்கள் தட்டைத்தான் பார்க்கிறார்கள். தட்டு காலியாக இருந்தால், "நல்லாத் திங்குது" என்கிறார்கள். மிச்சம் இருந்தால், "திங்கவே மாட்டேங்குது" என்று கவலைப்படுகிறார்கள்.

ஆனால் தட்டை நம்ப முடியாது!

கடை வாசலில் வைத்த தட்டைக் காக்கா காலி செய்யும். கோழி காலி செய்யும். தெருவில் போகும் கடுவன் பூனை ஒரே வாயில் முடித்துவிட்டுப் போகும். இரண்டு குட்டிகள் இருந்தால், முரட்டுக் குட்டி இரண்டு பங்கையும் தின்னும். நோஞ்சான் ஓரமாக நின்று பார்க்கும்.

தட்டு நிறைந்து இருந்தாலும் அது பட்டினி என்று அர்த்தம் இல்லை. எதிரே டீக்கடையிலும், பக்கத்துக் கறிக்கடையிலும் குட்டி தனிக்கணக்கு வைத்திருக்கலாம்.

பிறகு எதை நம்புவது? கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் தராசைத்தான் நம்ப வேண்டும்!

கிராம் கணக்கு

ஏலக்காய்க்குப் பேர் போன ஊர் போடி. ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்து விடுவார்கள். பூனைக்குட்டிக்கும் அதே கிராம் கணக்குதான் வேண்டும்.

எலக்ட்ரானிக் தராசில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்து, எடையைப் பூஜ்யம் ஆக்கிக் கொள்ள வேண்டும். பெட்டிக்குள் குட்டியை விட்டால் எடை தெரிந்துவிடும். தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி வியாபாரத்தைப் பார்க்கலாம்.

பிறந்த குட்டி ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் அது இரண்டு மடங்கு ஆகும். அதன் பிறகு வாரத்துக்குச் சுமார் 100 கிராம் கூட வேண்டும்.

ஒரு மாதத்தில் 400 முதல் 450 கிராம். 2 மாதத்தில் 800 முதல் 900 கிராம். 3 மாதத்தில் 1¼ கிலோவுக்கு மேல். 4 மாதத்தில் 1¾ கிலோ. "மாதத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி" என்று நினைவில் வைத்துக் கொண்டால் போதும்.

நம் நாட்டுக் குட்டிகள், அதிலும் பெட்டைக் குட்டிகள், கொஞ்சம் சிறுத்து இருக்கலாம். அதனால் பயம் இல்லை. எடை ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம்.

பால்குடிக் குட்டியை தினமும் நிறுக்க வேண்டும். 2 மாதக் குட்டிக்கு வாரம் ஒரு நாள் போதும். ஒரு வாரம் எடை ஏறாமல் நின்றால் உஷாராக வேண்டும். எடை இறங்கினால் டாக்டரிடம் போக வேண்டும்.

கையும் சொல்லும்

தராசு இல்லாத வீட்டில் என்ன செய்வது? கை இருக்கிறதே!

கையை முஷ்டியாக மடக்கி, விரல் முட்டிகளின் மேல் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமும் தெரியும். குட்டியின் விலா எலும்பு அப்படித் தெரிந்தால் அது மெலிந்த குட்டி.

விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவுங்கள். தோலுக்கு அடியில் எலும்பு லேசாகத் தட்டுப்படும். விலா இப்படி இருந்தால் சரியான உடம்பு.

வயிற்றை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. வயிறு பானை மாதிரி உப்பி, முதுகெலும்பு மட்டும் துருத்திக் கொண்டு இருந்தால், அது தின்று கொழுத்த வயிறு அல்ல. நாக்குப்பூச்சி இருக்கும் வயிறு! தாய்ப்பால் வழியாகவே இது குட்டிக்கு வந்துவிடும். குட்டி எவ்வளவு தின்றாலும் பாதியைப் பூச்சி தின்றுவிடும். டாக்டரிடம் எடையைச் சொல்லிப் பூச்சி மருந்து வாங்க வேண்டும்.

ஈறையும் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்துப் போயிருந்தால் ரத்தம் குறைவு. மேலெல்லாம் தெள்ளுப்பூச்சி மொய்த்தால், குட்டியின் ரத்தத்தையே குடித்துச் சாகடித்து விடும்.

பால் சோறு போதாது

"பூனைக்குப் பாலும் சோறும்" என்பது நம் ஊர் வழக்கம். குட்டி எடை ஏறாததற்குப் பல வீடுகளில் இதுவே காரணம்.

பால்குடி மறந்த பூனைக்குப் பசும்பால் சரியாகச் செரிக்காது. பல குட்டிகளுக்கு வயிற்றோட்டம் கண்டு, இருக்கும் எடையும் இறங்கும். பாலில் சர்க்கரை போட்டாலும் பயன் இல்லை. பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது என்று 2005-ல் கண்டுபிடித்து விட்டார்கள்!

பூனை கறி தின்னப் பிறந்த பிராணி. 'டாரின்' என்ற சத்து அதற்குக் கட்டாயம் வேண்டும். அது கறியிலும் மீனிலும் உண்டு. அரிசியில் கிடையாது. இந்தச் சத்து இல்லாவிட்டால் பூனைக்குக் கண் பார்வை கெடும் என்று 1975-ல் தெரிந்தது. இதயம் பலவீனமாகிச் சாகும் என்று 1987-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள்.

வேகவைத்து எலும்பு நீக்கிய கோழி, அவித்த முட்டை, முள் எடுத்த வைகை அணை மீன் இவற்றைக் கொடுக்கலாம். உப்பு, மசாலா கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். மிஞ்சிய குழம்பை ஊற்றுவது அதனால்தான் ஆபத்து.

வெறும் கறி மட்டும் போட்டாலும் சுண்ணாம்புச் சத்து போதாது. வசதி உள்ளவர்கள் குட்டிகளுக்கு என்றே விற்கும் தீனியைக் கலந்து கொடுக்கலாம். 2 மாதக் குட்டிக்குக் காய்ந்த தீனி மட்டும் என்றால் நாளைக்கு 40 கிராம் அளவு வேண்டும். அதையும் ஒரே வேளையில் கொட்டக் கூடாது. குட்டியின் வயிறு சிறியது. 4 மாதம் வரை தினம் 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

புது இடம்

பஸ்சில் வந்த குட்டி முதல் நாள் மூட்டைச் சந்தில் போய் ஒளிந்து கொள்ளும். தின்னாது. இது பயம். பழைய வீட்டில் என்ன தின்றதோ, அதையே ஒரு மூலையில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். பூனை மோந்து பார்த்துத்தான் தின்னும். ஆறிப்போன தீனியை லேசாகச் சூடு செய்தால் வாசனை கிளம்பும். பல குட்டிகள் அதற்கே வெளியே வந்துவிடும்.

தாயை இழந்த பச்சைக் குட்டி என்றால் கவனம் அதிகம் வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியாக வீசும் காற்றில் அது சீக்கிரம் விறைத்துவிடும். உடம்பு ஜில்லென்று இருக்கும் குட்டிக்குப் பால் புகட்டக் கூடாது, செரிக்காது. முதலில் துணியில் சுற்றிச் சூடு ஏற்ற வேண்டும். பிறகு குப்புறப் படுத்த நிலையில் வைத்துப் புகட்ட வேண்டும். கைக்குழந்தை மாதிரி மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

"ரெண்டு நாள் பாப்போம்!"

குட்டி தின்னாவிட்டால் எல்லோரும் சொல்வது, "ரெண்டு நாள் பாப்போம்."

பெரிய பூனையே இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால் ஈரல் கெட்டுவிடும். குட்டி அவ்வளவு தாங்காது. 2 மாதத்துக்கு உட்பட்ட குட்டி அரை நாள் தின்னாவிட்டாலும், அதைவிடப் பெரிய குட்டி ஒரு நாள் தின்னாவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். கூடவே வாந்தி, பேதி, சோர்வு இருந்தால் உடனே தூக்கிக் கொண்டு ஓட வேண்டும். குட்டிகளைக் கூட்டமாகச் சாகடிக்கும் வைரஸ் நோய் இப்படித்தான் ஆரம்பிக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு.

"காய்ச்சலா இருக்கும்" என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. பூனைக்கு அது விஷம்!

ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் உள்ளன. தேனியில் 2020-ல் கால்நடை மருத்துவக் கல்லூரியே தொடங்கப்பட்டுவிட்டது. ஆடு, மாட்டுக்கு மட்டும்தான் ஆஸ்பத்திரி என்று நினைத்துப் பலரும் பூனையைக் கொண்டு போவது இல்லை. பூனைக்கும் வைத்தியம் உண்டு.

போகும்போது குட்டியின் எடைக் கணக்கைக் கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். அதற்குத் தனி நோட்டு வேண்டாம். கடையின் பற்று வரவு நோட்டில் கடைசிப் பக்கம் போதும். வெள்ளிக்கிழமை தோறும் தேதியும் கிராமும் எழுதி வைத்தால் ஆயிற்று.

அந்தப் பக்கத்தில் எண் ஏறிக்கொண்டே இருந்தால், நாலைந்து மாதத்தில் மூட்டை அடியில் எலிச் சத்தம் தானாகக் குறையும்.