வெள்ளத்தைக் கடக்க உயரமான வண்டி மட்டும் போதுமா?

ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவை 2021 டிசம்பர் வெள்ளம் மூழ்கடித்த பிறகு, உயரமான வண்டி வாங்கும் எண்ணம் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்கு வருவது இயல்பே.

ஆனால், எல்லா எஸ்யூவியும் ஒன்றல்ல. ஹோண்டா சிஆர்-வி போன்றவை பிரிக்பீல்ட்ஸ் நெரிசலுக்கு வசதி. சேற்றில் சிக்கினால் மீள உதவும் குறைவேக கியர் அவற்றில் இல்லை.

டோயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்ட் ரேஞ்சர் போன்ற நான்கு சக்கர இயக்கப் பிக்கப்களில் அது உண்டு. ரேஞ்சர் 800 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும் என்கிறது நிறுவனம்.

அதுவும் தேங்கிய நீரில், மெதுவாகச் சென்றால்தான். வேகமாக ஓடும் நீர் 60 சென்டிமீட்டர் இருந்தாலே பிக்கப்பையும் அடித்துச் சென்றுவிடக்கூடும்.

எந்த வண்டி வாங்கினாலும், காப்புறுதியில் வெள்ளச் சேதத்திற்கான கூடுதல் பாதுகாப்பைச் சேர்க்க மறவாதீர்கள். சாதாரண முழுக் காப்புறுதியில் அது பொதுவாக அடங்காது.