ஒன்றும் தெரியாத வழிகாட்டி

சவளக்கடையில் பின்னேரம், வயற்காற்று வரும் பக்கமாக வாங்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் பேச்சு எங்கெங்கோ போகும். அன்றைக்கு ஜேர்மனிக்குப் போனது. அங்கே படித்துவிட்டு லீவில் வந்திருந்த தம்பி ஒருவர், பழைய பல்கலைக்கழக நகரம் ஒன்றில் காசு கொடுத்து ஒரு நடைக்குப் போன கதையைச் சொன்னார். வழிகாட்டியாக வந்த பெண் இருநூறு வருடத்துக்கு முந்திய உடுப்போடு வந்தாராம். தெருத்தெருவாகக் கூட்டிப் போய்க் கதை சொன்னாராம். "எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ஆனா கேட்ட கேள்வியில பாதிக்கு அவவுக்குப் பதில் தெரியாது" என்று தம்பி முடித்தபோது எல்லோரும் சிரித்தோம்.

சிரித்துவிட்டு யோசித்தால், அந்தத் தெரியாமையில்தான் இந்த வித்தையின் சூட்சுமமே இருக்கிறது. தேத்தண்ணி ஆறட்டும், நாமும் அந்த நடையை ஒருமுறை நடந்து பார்ப்போம்.

முதலில், இது நமக்குப் புதுசு இல்லை. கல்முனைக்குப் பக்கத்துப் பாண்டிருப்பில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா 18 நாள் நடக்கும். பாரதப் போரின் 18 நாள் கணக்கு அது. வனவாசத்தன்று, பாண்டவராகக் கோலம் பூண்டவர்கள் கோயிலை விட்டு வெளியே வந்து ஊர்த் தெருக்களால் நடந்து போவார்கள். சனம் பின்னால் போகும். நேற்று வரை சைக்கிள் ஓடிய ஒழுங்கை அன்றைக்குக் காடு. திருவிழா தீமிதிப்பில் முடியும். மேடையும் இல்லை, திரையும் இல்லை. கதை நடக்கிறது, நாமும் கூட நடக்கிறோம். அதில் விரதமும் நேர்த்தியும் உண்டு, ஜேர்மன் நடையில் ரிக்கெற்றுத்தான் உண்டு. அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. ஆனாலும் கதையைக் காலால் கேட்பது என்றால் என்ன என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி தம்பி நடந்த டூபிங்கனுக்குப் போவோம். தெற்கு ஜேர்மனியில், நெக்கர் என்ற ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன நகரம். 1477இல் அங்கே பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். ஆற்றோரம் மஞ்சள் நிறத்தில் ஒரு கோபுர வீடு. ஹோல்டர்லின் என்ற கவிஞர் மனநிலை குலைந்த பிறகு, 1807 முதல் 1843இல் சாகும்வரை, 36 வருடம் அங்கே ஒரு தச்சர் குடும்பத்தின் பராமரிப்பில் இருந்தார். அதற்கு முன் வைத்தியசாலையில் வைத்துப் பார்த்து அவரைக் கைவிட்ட வைத்தியர்கள் கூடினால் மூன்று வருடம் என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். அந்த வைத்தியசாலை இருந்த கட்டடம் கோபுரத்திலிருந்து சில எட்டுத் தூரம்தான். அதைக் கட்டத் தொடங்கியது 1478இல், மாணவர் தங்கிப் படிப்பதற்காக.

பாருங்கள், சில எட்டு வைத்ததற்குள் 1843இலிருந்து 1478க்குப் போய்விட்டோம். இன்னும் கொஞ்சம் ஏறினால் 1515இலிருந்து இருந்த மாணவர் சிறை. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத்துக்கு அதற்கென்று தனி நீதிமன்றம் உண்டு. குடித்துவிட்டுச் சண்டை பிடித்த மாணவனை ஊர்க்காவலிடம் கொடுக்காமல் தானே அடைத்து வைக்கும். மதரசாவில் குழப்படி செய்த பிள்ளையைப் பொலிஸுக்கு அனுப்பாமல் உஸ்தாதே மூலையில் நிற்க வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அதே தெருவில் 1797இல் கவிஞர் கோதே தங்கிய வீடு இருக்கிறது. 'கோதே இங்கே வசித்தார்' என்று பலகை. பக்கத்து வீட்டில் குறும்புக்காரர்கள் 'கோதே இங்கே வாந்தி எடுத்தார்' என்று இன்னொரு பலகை மாட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கப்பால் பெரிய தேவாலயத்தின் முன்னால் ஒரு பழைய புத்தகக் கடை. 1895இல், பிறகு எழுத்தாளரான ஹெர்மன் ஹெஸ்ஸே என்ற பெடியன் அங்கே வேலை பழக வந்தான். பிறகு மலைமேல் கோட்டை. அதன் பழைய குசினியை ஆய்வுகூடமாக்கியிருந்தார்கள். அங்கே 1869இல் மீஷர் என்ற இளைஞர் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிகளில் இருந்த சீழிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். இன்றைக்கு டி.என்.ஏ. என்று நாம் சொல்வது அதைத்தான்.

(ஹெஸ்ஸேயை நாம் சும்மா கடந்து போக முடியாது. அவருடைய தாய்வழிப் பாட்டன் ஹெர்மன் குண்டர்ட், இதே டூபிங்கனில் படித்துவிட்டு 1836இல் இந்தியாவுக்கு வந்தவர். திருநெல்வேலிப் பக்கம் இருந்து தமிழ் படித்தார், பிறகு மலையாளத்துக்கு அகராதி செய்தார். பேரன் 1911இல் இலங்கைக்கு வந்து கண்டியைப் பார்த்தார், பிதுருதலாகலை ஏறினார். கிழக்குக் கரைக்கு வந்திருந்தால் நல்ல பாலூற்றுத் தேத்தண்ணியாவது கிடைத்திருக்கும்.)

இந்த ஆண்டுகளை வரிசைப்படுத்தி நடக்க நினைத்தால் கதை ஒழுங்காக வரும், ஆனால் ஆற்றுக்கும் மலைக்குமாக ஓடிக் கால் கழன்றுவிடும். அதனால் நடையை எழுதுபவர் ஆண்டுகளைப் பார்ப்பதில்லை, தெருவைப் பார்க்கிறார். எந்த மூலைக்குப் பிறகு எந்த வாசல் வருகிறதோ அதுதான் காட்சிகளின் வரிசை. பாண்டிருப்பில் கதை வரிசை மாறாது, ஊர்தான் கதைக்காகக் காடாக மாறும். டூபிங்கனில் ஊர் மாறாது, கதைதான் தெருவுக்காக வளைந்து கொடுக்கும்.

இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். வேஷம் கட்டினால் உண்மை குறைந்துவிடும் என்று நினைக்கிறோம். சரித்திரம் வேண்டுமா, சாதாரண உடுப்புப் போட்ட வழிகாட்டியிடம் போ. பொழுதுபோக வேண்டுமா, வேஷக்காரரிடம் போ. தம்பியின் மனக்குறையும் இதுதான். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் ஒரு காட்சியை நாமே செய்து பார்ப்போம். கோபுர வாசலில் ஒரு நடிகை நிற்கிறார். தச்சரின் மகள் லொட்டே, வருடம் 1843 என்று வைத்துக்கொள்வோம். தகப்பன் இறந்த பிறகு ஹோல்டர்லினைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். கவிஞர் இறந்த செய்தியைக் கடிதமாக எழுதி அனுப்பியவரும் அவர்தான். அவருக்கு என்ன தெரியும்? குடியிருப்பாளர் பியானோ வாசிப்பார். யாராவது வந்தால் குனிந்து குனிந்து வணக்கம் வைப்பார். கவிதை கேட்டால் எழுதிக் கொடுத்துவிட்டு, கீழே 'ஸ்கார்டனெல்லி' என்று இல்லாத ஒருவரின் பேரைப் போடுவார். அடுத்த நூற்றாண்டில் உலகம் அவரை ஜேர்மனியின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவராகத் தூக்கி வைக்கும் என்பது லொட்டேக்குத் தெரியாது. தெரியவே கூடாது. அந்த நடிகை வாய்தவறி ஒரு வசனம் கூடுதலாகச் சொன்னால் லொட்டே செத்துவிடுவார், உடுப்பு மட்டும் நிற்கும்.

சாதாரண வழிகாட்டி எந்த நூற்றாண்டிலும் நின்று பேசலாம், அவருக்கு வேலி இல்லை. வேஷம் கட்டியவர்தான் ஒரு மனுசியின் கண்ணுக்கு எட்டியதை மட்டும் பேச வேண்டும். அதை எழுதும்போது, இவருக்கு இது எப்படித் தெரியும், யார் சொன்னார்கள் என்று ஒவ்வொரு வசனத்தையும் உலுப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நல்ல வேஷத்தில் உண்மைக்குக் கட்டுக்காவல் கூடுதல். மோசமான வேஷங்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. தொப்பியும் லாந்தரும் மட்டும் இருந்தால் போதும் என்று நினைப்பவை.

அப்படியானால் பிறகு நடந்ததை யார் சொல்வது? அதற்குச் சில உபாயங்கள் இருக்கின்றன. சாதாரண உடுப்பில் இன்னொரு வழிகாட்டி கூடவே வரலாம். நடந்து போகும் இடைவெளியில் அவர் பேசுவார், நின்ற இடத்தில் வேஷம் பேசும். நம் கூத்தில் கட்டியகாரன் பார்க்கும் வேலை. அல்லது எதையும் சொல்லாமலே விடலாம். பார்ப்பவருக்குத் தெரிந்தது வேஷத்துக்குத் தெரியாது என்ற அந்த இடைவெளியே பேசிக்கொள்ளும்.

மிச்சமெல்லாம் கால் கணக்கும் காதுக் கணக்கும். கடைசி ஆள் வந்து சேரும்வரை வாய் திறக்கக் கூடாது. மதிலை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் குரல் முன்னால் தள்ளிக் கேட்கும். வெட்டவெளியில் நின்றால் காற்று கொண்டுபோய்விடும். படி இருந்தால் ஏறிக்கொள்வது நல்லது. தெருமூலைதான் திரை: திரும்பும்வரை அடுத்த காட்சி கண்ணில் படக் கூடாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி, நம்ம பக்கம் செய்தால் எங்கே தொடங்கலாம் என்று கேட்டார். மருதமுனைக் கைத்தறியில் ஒரு நெசவாளி நிற்கட்டும் என்றார் ஒருவர். கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றத்துக்கு நடந்துவந்த ஒரு கிழவி இருக்கட்டும் என்றார் இன்னொருவர். பிறகு யாரோ, கடற்கரையில் வலை பொத்தும் ஒருவர், தேதி 2004 டிசம்பர் 25 என்றார். நாளைக்கு விடிய எத்தனை மணிக்குத் தோணி இறக்குவது என்பதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது.

வாங்கில் ஒருவரும் பேசவில்லை. அதை யாராவது நடித்துக் காட்ட நான் போய்ப் பார்ப்பேனா என்று கேட்டால், இப்போதைக்கு இல்லை. நெசவாளியிலிருந்து தொடங்குவோம் என்று முடிவாயிற்று. வெயில் ஏறுவதற்குள் நடக்க வேண்டும் என்பதால் காலை ஏழு மணிக்கு.