உங்களுக்குத் தெரியுமா? கார்புரேட்டரும் சுவாசிக்கிறது

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ‘கப்சாய்’ எனும் பழைய சிறு மோட்டார்சைக்கிள்களிலும், யமாஹா ஆர்எக்ஸ்-ஸெட் வண்டிகளிலும், கார்புரேட்டரிலிருந்து தொங்கும் மெல்லிய ரப்பர்க் குழாய்களை வீண் உறுப்புகளென்று எண்ணிச் சிலர் அடைத்துவிடுவது மிகவும் வருந்தத்தக்க காரியம். பெரும்பாலும், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையின் அடியிலிருந்து வருவது வடிகுழாய். ஊசிவால்வு சரியாக மூடாமல் பெட்ரோல் மிகுந்தால், அதைச் சூடான எஞ்சின்மீது சிந்தவிடாமல் தரைக்குக் கொண்டுசெல்வது அதன் கடமை. மேற்புறத்திலிருந்து வரும் மூச்சுக்குழாயின் வேலையோ இன்னும் சூட்சுமமானது: அறையிலுள்ள பெட்ரோலின்மேல் வாயுமண்டல அழுத்தம் நிலைத்திருந்தாலன்றி ஜெட்டின் வழியே எரிபொருள் போதிய அளவு ஏறாதாகையால், அக்குழாய் மடங்கினாலும், குளவிக்கூட்டு மண்ணால் அடைபட்டாலும், நன்றாக ஓடிய வண்டி வேகமெடுத்த சற்று நேரத்தில் சோர்ந்து நின்றுவிடும். ஆகவே இரண்டையும் நசுக்காமல், புகைக்குழாயையும் சங்கிலியையும் தொடாமல், பின்சக்கரத்தில் பெட்ரோல் சொட்டாதபடி கீழ்நோக்கி விடுதல் அவசியம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்ததைப் போன்ற பெருவெள்ளம்தான் மூச்சுக்குழாயை அடைக்க வேண்டுமென்பதில்லை. சாலையில் தேங்கிய மழைநீரில் அதன் முனை அமிழ்ந்தாலே காற்று தடைப்படும். காட்டுப்பாதை மோட்டார்சைக்கிள்கள் பலவற்றில் அக்குழாயின் ஒரு கிளையைப் பெட்ரோல் டாங்கிக்கு அடியில் உயர்த்தி வைப்பது இக்காரணம் பற்றியே.