பிகானீரில் வெடித்தது, சென்னையில் எழுதியது

2002 மே 26, ஞாயிற்றுக்கிழமை. ராஜஸ்தான் மாநிலம் பிகானீரில் ஒரு வீடு. ஜீன்ஸில் கிழிந்திருந்த பாக்கெட்டை ஃபெவிகால் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள் 13 வயதுச் சிறுமி. ஒட்டிய இடத்தை அழுத்தக் கனமாக ஏதாவது வேண்டும். கராஜில் தேடியதில் ஓர் இரும்புத் துண்டு கிடைத்தது. எடுத்து வந்து தட்டினாள். அது வெடிகுண்டு. இரண்டு கைகளும் போய்விட்டன.

அந்தச் சிறுமி மாளவிகா ஐயர். பிறந்தது கும்பகோணம், அப்பாவின் வேலை காரணமாக வளர்ந்தது பிகானீரில். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த ராணுவ வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி, வெடிக்காத குண்டுகள் சுற்றுவட்டாரத்தில் சிதறியிருந்தன. பழைய இரும்பென்று நினைத்து எடுத்தது அப்படி வந்து விழுந்த ஒன்றுதான்.

கால்களிலும் பலத்த காயம், நரம்புப் பாதிப்பு. சிகிச்சை சென்னையில் தொடர்ந்தது. அறுவைச் சிகிச்சை மேல் அறுவைச் சிகிச்சையாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் படுக்கையிலேயே கழிந்தன. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தபோது, தனித்தேர்வராக எழுதுவதென்று முடிவெடுத்தார். விடைகளை அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். 2004இல் முடிவு வந்தபோது 500க்கு 483. கணிதத்திலும் அறிவியலிலும் நூற்றுக்கு நூறு. இந்தியில் மாநிலத்திலேயே முதலிடம். பிகானீரில் வளர்ந்தது அதில் கைகொடுத்திருக்கும். குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவரை ராஷ்டிரபதி பவனுக்கு அழைத்தார்.

பிறகு டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் பொருளாதாரம், சென்னை சமூகப்பணிக் கல்லூரியில் முனைவர் பட்டம். ஆய்வேட்டை அவரே தட்டச்சு செய்தார். எப்படி? உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் தைத்த வலது கையின் முனையில், சதை மூடாமல் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நின்றுவிட்டது. அதுவே தனக்கு ஒற்றை விரல் என்கிறார் அவர். 2018இல், பெண்களுக்கான மத்திய அரசின் 'நாரி சக்தி' விருது பெற்றார்.

மன உறுதி ஒரு பக்கம். தனித்தேர்வர் முறையும், சொல்வதை எழுத ஓர் ஆளும் இல்லாமல் போயிருந்தால் அந்த 483 ஏது?

சென்னையை ஒட்டிய தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம் வட்டாரத்தில் இந்தக் கேள்வி இப்போது வேறு குழந்தைகளைப் பற்றியது. பீகார், ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் மணல் மேட்டிலும் கம்பிக் குவியலுக்கு நடுவிலும் விளையாடுகிறார்கள். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டுமான இடத்தில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை இருக்க வேண்டும் என்றது, 2025 வரை நடைமுறையில் இருந்த 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம்.

அடிபட்டு ஊனமாகிவிட்டால்? படிப்பைத் தொடர வழி உண்டு. மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) கொண்டுவரத் தாமதமாகிறது என்று ஒரு பிள்ளையைச் சேர்க்காமல் திருப்பி அனுப்ப, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. தேர்வில் கூடுதல் நேரமும் எழுத்தரும் தர வழி செய்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வியும் உண்டு. 2005இல் தொடங்கிய, பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடிக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தமிழ் தெரியாத பெற்றோருக்கு அந்தப் படிவத்தை நிரப்பித் தர, பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர் போதும்.