நீலப் பூ பூக்கிறதா?

முதலில் ஒரு விடுகதை.

தினமும் சமையலறையில் பூக்கும். நீல நிறப் பூ. பறிக்கவும் முடியாது, சூடவும் முடியாது. அது என்ன?

ஆமாம், கேஸ் அடுப்பின் சுடர்தான்! காலையில் பால் காய்ச்சுவதில் தொடங்கி இரவு தோசை வார்ப்பது வரை நமக்காக எரிகிறதே, அந்தச் சுடரின் நிறத்தைப் பார்த்தே அடுப்பு நலமாக இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். நாக்கை நீட்டச் சொல்லி மருத்துவர் பார்ப்பதைப் போல! எப்படி என்று பார்ப்போமா?

நீலம் ஏன்? மஞ்சள் ஏன்?

சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி. எனப்படும் திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு. புரோப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்களின் கலவை இது. அடுப்பின் குமிழைத் திருகியதும், ஊசிமுனை அளவுள்ள ஒரு துளை வழியாக வாயு வேகமாகப் பாயும். அந்த வேகத்தில் பக்கத்தில் உள்ள காற்றையும் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும். இரண்டும் கலந்து, பர்னரின் சிறு துளைகள் வழியே வெளியே வந்து எரியும். காற்று போதுமான அளவு கலந்திருந்தால் வாயு முழுமையாக எரியும். சுடர் நீலமாக இருக்கும்.

காற்று குறைந்தால்? முழுதும் எரியாத கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்ந்து, சுடர் மஞ்சளாகிவிடும். மெழுகுவர்த்தியின் சுடர் மஞ்சளாக இருப்பதும் இதனால்தான். அந்தக் கரிதான் பாத்திரத்தின் அடியில் படிகிறது. வாயு வீணாவது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய ஆபத்து, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாவது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

சாம்பார் பொங்கி வழிந்தாலும் சுடர் கொஞ்ச நேரம் மஞ்சளாகத் தெரியும். அது உப்பில் உள்ள சோடியத்தின் வேலை; தானே சரியாகிவிடும். எப்போதும் மஞ்சளாகவே எரிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பர்னருக்குக் குளியல்!

பாலும் கஞ்சியும் பொங்கி வழிந்து காய்ந்தால் பர்னரின் துளைகள் தூர்ந்துவிடும். இதைச் சுத்தம் செய்வது பெரியவர்களின் வேலை. நீங்கள் உதவியாளர்கள்! முறை இதுதான்:

* அடுப்பு நன்றாக ஆறட்டும். ரெகுலேட்டரைப் பெரியவர்கள் மூடட்டும்.

* பர்னரைக் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். பித்தளை பர்னர் கறுத்திருந்தால் புளியால் தேய்க்கலாம். புளியில் உள்ள அமிலம் கறையைக் கரைக்கும். பாட்டி குத்துவிளக்கு துலக்குவது இப்படித்தானே?

* பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். துளைகளில் அடைப்பு இருந்தால் பெரியவர்கள் குண்டூசியால் எடுக்கட்டும்.

* ஈரம் போகக் காயவைத்து, அதன் இடத்தில் ஆடாமல் பொருத்த வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வாயு பாயும் அந்த ஊசிமுனைத் துளையில் மட்டும் கம்பியோ ஊசியோ விடக்கூடாது. துளை பெரிதானால் வாயு அதிகமாகப் பாயும். பர்னரைக் கழுவிய பிறகும் சுடர் மஞ்சளாக இருந்தால் மெக்கானிக்கைத்தான் அழைக்க வேண்டும். சில சமயம் காற்றுக் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும்!

நாற்றம் என்னும் காவலன்

எல்.பி.ஜி.க்குத் தானாக மணம் கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்றே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைச் சிறிதளவு கலக்கிறார்கள்.

இந்தப் பாடத்தை உலகுக்குக் கற்பித்தது ஒரு சோகம். 1937 மார்ச் 18 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் இயற்கை எரிவாயு கசிந்தது. மணமில்லாததால் யாரும் அறியவில்லை. ஒரு சிறு தீப்பொறி. கட்டடமே வெடித்துச் சிதறியது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். அதன் பிறகே எரிவாயுவில் நாற்றம் கலக்க அங்கே சட்டம் வந்தது. ஆகவே அந்த நாற்றத்தை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள்.

நாற்றம் வந்தால்?

* மின்விளக்கு, மின்விசிறி எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும்!

* தீக்குச்சி கிழிக்கவே கூடாது.

* உடனே பெரியவர்களை அழையுங்கள். ரெகுலேட்டரை மூடுவதும், எரியும் சாமி விளக்கு, ஊதுவத்தியை அணைப்பதும் அவர்கள் பொறுப்பு.

* கதவு, ஜன்னல்களை நன்றாகத் திறக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாசல் கதவு திறந்திருந்தால்தான் வெளியேறும்.

* எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். இது இந்தியா முழுவதற்குமான எரிவாயுக் கசிவு அவசர உதவி எண். 24 மணி நேரமும் இயங்கும். வீட்டுக்குள் நின்று செல்போனில் பேச வேண்டாம்.

வீட்டில் யாரும் இல்லையென்றால்? எதையும் தொடாமல் வெளியே ஓடி, பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள். அதுவே பெரிய உதவி.

வீட்டுப் பாடம்

சிலிண்டரையும் அடுப்பையும் இணைக்கும் ரப்பர் குழாயில் வருடம் அச்சிடப்பட்டிருக்கும். 'சுரக்ஷா' குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெடிப்பு தெரிந்தால் உடனேயே மாற்ற வேண்டும். அடுப்பு எரியாத நேரத்தில் பெரியவர்களோடு சென்று அந்த வருடத்தைப் படித்து, கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த முறை அடுப்பு பற்றவைக்கும்போது, தள்ளி நின்று சுடரின் நிறத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டில் பூப்பது நீலப் பூவா, மஞ்சள் பூவா?