20 வருஷப் பழைய ஊலாங் டீ: வயசானால் ருசி கூடுமா?

டீ விற்கும் ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள். தைவானின் டோங் டிங் ஊலாங், இரண்டு பாக்கெட். ஒன்று இந்த வசந்தத்தில் பறித்தது. இன்னொன்று 20 வருஷம் பழசு என்கிறார்கள். விலை பல மடங்கு. பழசு என்பதாலேயே அது ஒசத்தியா?

இல்லை. இரண்டையும் வேறு வேறு பானமாகவே எடுத்துக்கொள்ளலாம். எது பிடிக்கும் என்பது உங்கள் நாக்கின் விஷயம். ஆனால் கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

கிரீன் டீ, நாம் பால் ஊற்றிக் குடிக்கும் டீ, ஊலாங் எல்லாமே ஒரே செடியின் இலைதான். பறித்த இலை நசுங்கிக் காற்றுப் பட்டால், வெட்டிய வாழைக்காய் மாதிரி கறுக்க ஆரம்பிக்கும். கிரீன் டீயில் அதை ஆரம்பத்திலேயே சூடுகாட்டித் தடுத்துவிடுவார்கள். பிளாக் டீயில் முழுசாக நடக்க விடுவார்கள். ஊலாங்கில் நடுவழியில் நிறுத்துவார்கள். எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள், பிறகு எவ்வளவு வறுக்கிறார்கள் என்பதில்தான் இத்தனை வகை.

அதிகம் வறுக்காத புது ஊலாங்கின் பலமே அதன் மணம். தைவானில் 1,000 மீட்டருக்கு மேல் விளையும் உயர்மலை ஊலாங்கைக் குடித்தால் பூ வாசம், லேசான வெண்ணெய்த்தன்மை, தொண்டையில் பின்னால் வரும் இனிப்பு. மல்லிகையில் இருக்கும் லினலூல் இதிலும் உண்டு. சிக்கல் என்னவென்றால், இவை ஆவியாகிற பொருட்கள். காற்று நீக்கிய பாக்கெட்டில் அடைப்பது அதனால்தான். திறந்துவிட்டால் சில மாதங்களிலேயே மணம் மங்கும்.

பழைய ஊலாங்கில் அந்தப் பூ வாசத்தைத் தேடாதீர்கள், இருக்காது. துவர்ப்பு தரும் கேட்டகின்கள் வருஷங்கள் போகப் போகக் குறைகின்றன, காலிக் அமிலம் கூடுகிறது. சாயம் பழுப்பாகிறது, வாயில் வழுவழுப்பு வருகிறது. உலர்ந்த பிளம், பழைய மரம், கொஞ்சம் கற்பூரம். நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்ததும் வருமே, அந்த வாசனைக்குப் பக்கத்தில் வரும். நம்மூர்ப் புதுப்புளிக்கும் பழம்புளிக்கும் உள்ள தூரம் என்று சொல்லலாம்.

அப்போ வாங்கி அலமாரியில் போட்டு வைத்தாலே போதுமா? போதாது. நான் மறந்துபோன ஒரு பச்சை ஊலாங் பாக்கெட்டை மூன்று வருஷம் கழித்துத் திறந்தேன். அட்டைப்பெட்டி வாசம்தான் வந்தது. எதிரி ஈரம்; அது ஏறினால் டீ புளித்துப்போகும். அதனால்தான் பழைய ஊலாங்கைக் காற்றுப்புகாமல் வைக்கிறார்கள். பலர் இடையிடையே மிதமான சூட்டில் மறுபடி வறுத்து ஈரத்தை எடுக்கிறார்கள். அதில் கை தப்பினால் மிஞ்சுவது கரி ருசிதான். வைப்பதற்கென்றே நன்றாக வறுத்த டீதான் இந்தப் பயணத்தைத் தாங்கும்.

மோசடி நுழைவதும் இந்த வறுப்பு வழியாகத்தான். போன வருஷ டீயைக் கடுமையாக வறுத்தால் அதுவும் கறுப்பாகும், துவர்ப்பும் குறையும். அதை ‘30 வருஷம்’ என்று எழுதி விற்கலாம். பாக்கெட்டில் போட்ட வருஷத்தை வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்க வழியில்லை. ஊறிய இலையைப் பாருங்கள்: விரியாமல் கரிக்கட்டை மாதிரி இறுகிக் கிடந்தால் சந்தேகப்படலாம். வெறும் புகையும் கரியும் மட்டும் நாக்கில் நின்றால், நீங்கள் காசு கொடுத்தது வயசுக்கு இல்லை, அடுப்புக்கு.

எனவே முதலில் 10 கிராம் சாம்பிள் கேளுங்கள். புதுசையும் பழசையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், தலா 5 கிராம், 100 மில்லி தண்ணீர். புதுசுக்கு 90 டிகிரி அளவில் போதும், பழசுக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றலாம். அரை நிமிஷத்தில் வடித்துவிட்டு, அதே இலையில் மறுபடி ஊற்றுங்கள். வெறும் வறுப்பு ருசி சீக்கிரமே வடிந்துவிடும். நாலாவது, ஐந்தாவது கோப்பையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.