சர்க்கரை நோயை ஈறும் காட்டிக்கொடுக்கும்

கோவை–திருச்சி நெடுஞ்சாலையில், பல்லடத்துக்குக் கிழக்கே இருக்கிறது பொங்கலூர். சுற்றிலும் விசைத்தறிகள், நூற்பாலைகள், கோழிப் பண்ணைகள். நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்குத் தூக்கத்தை விரட்ட இனிப்பு டீதான் துணை. பல் விளக்கும்போது ரத்தம் வந்தால் பிரஷ்ஷைத்தான் மாற்றுகிறார்கள். சுகர் டெஸ்ட் எடுக்கத் தோன்றுவதில்லை.

தோன்ற வேண்டும். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அதன் பாதிப்பு கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றோடு நிற்பதில்லை. ஈறு நோயை அதன் ஆறாவது சிக்கல் என்று 1993-லேயே குறிப்பிட்டார் பல் மருத்துவ அறிஞர் ஹரால்ட் லோ.

ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் ஏறியே இருந்தால், ஈறுக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் தடிக்கிறது. கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன. ஈறுக்கு வலுவூட்டும் கொலாஜன் இழைகளில் சர்க்கரை ஒட்டிக்கொள்ள, அவை கஞ்சி மிகுந்த பாவு நூல்போல விறைக்கின்றன. பழையது கழிந்து புதியது உருவாவதும் தடைபடுகிறது. ஈறு வீங்குகிறது, பல்லை விட்டு விலகுகிறது. அடியில் எலும்பு கரைந்து பல் ஆடுகிறது.

கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கையும் காப்பது உமிழ்நீர். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது அது குறையலாம். குறைந்தால் வாய் வறண்டு எரியும், சிறு புண்ணும் ஆறத் தாமதமாகும். கேண்டிடா என்னும் பூஞ்சைக்கும் இது வசதி. நாக்கில் தயிர்த்திட்டாகப் படியும் வெள்ளையை வழித்தெடுத்தால் அடியில் சிவந்திருக்கும். இரவிலும் பல்செட்டைக் கழற்றாதவர்களுக்கு அண்ணம் சிவந்துபோகலாம்.

பாதிப்பு ஒருவழிப்பட்டதல்ல. ஈறின் அழற்சியில் சுரக்கும் வேதிப்பொருட்கள் இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. அதனால் சர்க்கரை மேலும் ஏறுகிறது. ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாக அல்ல, அதோடு கூடவே கிடைக்கும் பலன் இது.

ஆகவே ஈறில் ரத்தம், ஆறாத புண், வாய் வறட்சி, ஆடும் பல் இவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரையும் பாருங்கள், சுகரையும் பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடம், வாயில் தொந்தரவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பல் மருத்துவரிடம் ஈறைக் காட்டிவிட வேண்டும். புகையிலையை விட்டுவிட்டால் அதுவும் ஈறுக்குப் பெரிய உதவி.